கொட்டகை விளக்கும் வடக்கு வெளிச்சமும்

மார்ச் மாதத்தில் எங்கள் பக்கத்தில் யாரை நலம் விசாரித்தாலும் "நல்லா இருக்கேன்" என்ற பதில் வராது. "இன்னும் பாதி இருக்கு" என்பார்கள். ஈனாமல் நிற்கும் மாடுகளைச் சொல்கிறார்கள். கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்துத் தெற்கு ஓரத்தில், புல்லையும் காற்றையும் தவிர எதுவும் ஒழுங்காக விளையாத எங்கள் மண்ணில், அந்த மாதம் ஒருவரும் முழு இரவு தூங்குவதில்லை. பிறந்த ஈரத்தோடு கன்றைக் குளிரில் விட்டால் முதலில் காது உறையும். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கன்றே இருக்காது.

மார்லிஸ் டோர்விக் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கார்நெட் அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் உருளை மேலிருந்து விழுந்து, முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து படுத்தான். வலிக்கு மாத்திரை, மாத்திரைக்குத் தூக்கம். அதனால் அந்த வருஷம் இரவுச் சுற்று முழுவதும் மார்லிஸ் தலையில் விழுந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு முறை, நடுநிசியில், பிறகு விடியலுக்குள் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடப்பாள்.

இது போதாதென்று அவளுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. வானத்தைப் படம் பிடிப்பாள். வீட்டுக்குப் பின்னால் மேட்டின் மேல் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அந்தி சாய்வதிலிருந்து விடியும்வரை அதே இடத்தைப் படம் படமாக எடுப்பாள். பிறகு அவற்றை வரிசையாக ஓடவிட்டால் ஒரு முழு இரவும் கண்ணெதிரே ஒரு நிமிஷத்தில் கடந்துபோகும்.

சிக்கல் என்னவென்றால், படத்துக்குள் கொட்டகை விளக்கும் விழும். விளக்குக்கு ஏற்றபடி எடுத்தால் வானம் கரிச்சட்டி. நட்சத்திரத்துக்கு ஏற்றபடி எடுத்தால் விளக்கு வெள்ளையாகப் பொங்கிக் கொட்டகையையே விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் மூன்று படம் எடுக்க வேண்டும்: கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒன்று, சற்று நீளமாக ஒன்று, கேமராவின் கண் நெடுநேரம் திறந்திருக்கும்படி ஒன்று. மூன்றையும் பின்னால் ஒன்றாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் இருட்ட இருட்ட, நிலா ஏற ஏற, அந்த மூன்று அளவுகளையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். கையுறையைக் கழற்றினால்தான் பொத்தானைத் திருப்ப முடியும். அவள் விரல் நுனிகள் அந்த வருஷம் தோல் உரிந்தே கிடந்தன.

ஒரு நாள் விடியற்காலையில் கார்நெட்டின் தம்பி டெல்மர் தீவனம் இறக்க வந்தவன், மேட்டில் முக்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கும் அண்ணியைப் பார்த்தான். தோளில் பனி படிந்திருந்தது.

"அண்ணி! செத்துகித்துப் போயிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பாதி மாடு இருக்கே."

"மாட்டைப் பாக்கவே முதுகு ஒடியுது. இந்த நட்சத்திரமெல்லாம் எங்க ஓடிப்போவுது? நாளைக்கும் அங்கதான இருக்கும்?"

"நாளைக்கு நான் இருப்பேன்னு யாருடா சொன்னா?"

டெல்மர் அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனான். அன்றைக்குத்தான் அவள், படம் எடுக்கிற வேலையை ஓர் இயந்திரத்திடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். வானத்தை விடுவதாக இல்லை. தூக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை வாங்கி, கேபிளால் கேமராவோடு கோத்தாள். மூன்று படம் எடு, நடுப்படம் எவ்வளவு வெளிச்சமாக விழுந்திருக்கிறது என்று பார், அதற்குத் தகுந்தபடி அடுத்த மூன்றைக் கூட்டு அல்லது குறை. இதை அதற்கு எழுதிப் புரியவைக்கச் சமையலறை மேஜையில் வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். பாதி எழுதும்போதே தலை மேஜையில் சாயும். சோபாவில் படுத்திருந்த கார்நெட் கிண்டல் செய்வான்.

"ஏம்மா, அப்படியே மாட்டுக்குப் பிரசவம் பாக்கவும் அதுக்குச் சொல்லிக்குடேன்."

"அதுக்கு முன்னாடி உனக்குக் காப்பி போடச் சொல்லிக்குடுக்கறேன்."

முதல் சோதனை கெட்டுப்போனது. டெல்மர் வண்டியைத் திருப்பும்போது முகப்பு விளக்கு மேட்டில் அடித்தது. பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்த இயந்திரம் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொண்டது. மீதி இரவு முழுக்கக் கறுப்பு. ஒரு தடவைக்கு ஒரு சின்னப் படிக்கு மேல் மாறக் கூடாது என்று அதற்கு ஒரு கட்டுப்பாடு எழுதினாள். குளிரில் பேட்டரி செத்தது. பழைய டிராக்டர் பேட்டரியை, வெளிக்குளிர் உள்ளே போகாதபடி ஐஸ் பெட்டிக்குள் வைத்து அதிலிருந்து மின்சாரம் இழுத்தாள். லென்ஸில் உறைபனி படியாமலிருக்க, சூடு தரும் சிறு பைகளை கார்நெட்டின் காலுறைக்குள் போட்டு அதைச் சுற்றிக் கட்டினாள்.

எல்லாம் கூடிவந்த அன்றைக்கு அந்தியில் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கினாள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கொஞ்சமாவது படுக்கலாம் என்பது கணக்கு. ஆனால் தலையீற்றுக் கிடாரி ஒன்று நிலைகொள்ளாமல் தவித்ததால், நடுநிசிக்குள்ளேயே நாலைந்து முறை கொட்டகைக்குப் போய்வந்தாள். நடுநிசியில் போனபோது அது முக்கிக்கொண்டு நின்றது. கன்று தலைக்குப் பதில் பின்பக்கம் முன்னால் வரும்படி திரும்பியிருந்தது. மார்லிஸ் தோள்வரை கையை விட்டுப் பின்னங்கால்களைத் தேடிப் பிடித்தாள். சங்கிலி மாட்டி, மாடு முக்கும்போது இழுத்து, அது ஓயும்போது தானும் அதன் விலாவில் சாய்ந்து ஓய்ந்து, மறுபடி இழுத்தாள். பலகை இடுக்குகளில் பச்சையாக ஏதோ அசைந்ததைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னாள். விளக்குதான் விட்டுவிட்டு எரிகிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

கன்று உயிரோடு வந்தது. வைக்கோலால் தேய்த்து, சீம்பால் குடிக்கவைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுந்தாள்.

படங்களைக் கலந்து கோக்கச் சில நாள் ஆனது. முதலில் கார்நெட்டுக்குத்தான் காட்டினாள். தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பார்த்தான். அந்தி நீலமாகி, கறுத்து, நட்சத்திரங்கள் ஏறின. பிறகு, துருவத்தை ஒட்டிய வானத்தில் எப்போதாவது வரும் அந்த வடக்கு வெளிச்சம் பச்சையாக எழும்பி, திரைச்சீலையாக வானம் முழுக்க உதறியது. ஓரத்தில் சிவப்பு. கீழே கொட்டகை, ஒவ்வொரு பலகையும் தெரிய, விளக்கடியில் சாதுவாக நின்றது.

கார்நெட் வானத்தைப் பார்க்கவில்லை.

"அது என்ன? கீழ, கடுகு மாதிரி ஒரு வெளிச்சம். வீட்டுக்கும் கொட்டகைக்கும் கோடு போட்டுக்கிட்டே இருக்கு?"

"அது நான்தான். நெத்தி விளக்கு."

அவன் திரும்ப ஓடவிடச் சொன்னான். மறுபடியும் ஒரு தடவை.

"தினமும் இப்படியா?"

"இது நல்ல ராத்திரி. ஒரு கன்னுதான் மாட்டிக்கிச்சு."

மறுநாள் காலை டெல்மர் வந்தபோது கார்நெட், இந்த வருஷம் காளைகளை ஆகஸ்டுக்கு முன்னால் மந்தைக்குள் விடக் கூடாது, இனிமேல் கன்றெல்லாம் மே மாதம் புல்லில் பிறக்கட்டும் என்றான். டெல்மர் குதித்தான்.

"அப்பா காலத்துல இருந்து மார்ச்சுதான். மேயில பொறந்தா விக்கும்போது கன்னு எடை நிக்காதுண்ணே!"

"நிக்காட்டிப் போவுது. அப்பா காலத்துல அம்மா எப்பத் தூங்குனாங்கன்னு நீ கேட்டியா? நான் கேட்டனா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அதோடு பேச்சு முடிந்தது.

ஊர்க் கூடத்தில் நடந்த விருந்தில் அந்தப் படத்தை ஓட்டினோம். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த யாரோ, "நேர்ல பாக்கறப்ப எப்படி இருந்துச்சு மார்லிஸ்?" என்று கேட்டார்.

"நான் எங்க பாத்தேன்? என் கையில கன்னோட காலு இருந்துச்சு" என்றாள்.

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் பலர் சிரிக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் அவர்கள் கொட்டகை அமைதியாகக் கிடந்தது. ஓர் இரவு என் மாடுகளைப் பார்க்க வெளியே வந்தேன். வானம் பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் டோர்விக் வீட்டுக்குப் போன் செய்தேன். கார்நெட் எடுத்தான்.

"தெரியுது. ஜன்னல்ல பாத்துக்கிட்டுதான் நிக்கறேன். எழுப்பறதா வேணாமான்னு தெரியல."

"எழுப்பேன்பா. போன தடவைதான் பாக்கல."

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்குப் போனது கேட்டது. "மார்லிஸ். வானம் பத்திக்கிட்டு எரியுது, வர்றியா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எரியட்டும்."