கேள்வி கேட்காத சிடி

எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டால் அடுத்த பண்டிகைக்குள் கறுத்துப்போகும். ஆம்பூரில் தோல் பதனிடும் ‘ஷாப்பு’களிலிருந்து அழுகின முட்டை போல ஒரு வாடை காற்றோடு வந்து வீட்டுக்குள் நிற்கும், எங்களுக்கு அது பழகிவிட்டது, விருந்தாளிகள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். கொலுசை விடாத காற்று கம்ப்யூட்டரை மட்டும் விடுமா? அதன் தகடுகளிலும் களிம்பேறும். பெட்டி கிளம்பவில்லை என்றால் மூடியைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கும் ‘ரேம்’ தகட்டை உருவி, என் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒரு ஊது ஊதித் திரும்பச் செருகுவது எங்கள் வீட்டில் பல் விளக்குவதைப் போன்ற சாதாரண வேலை.

அந்தக் கம்ப்யூட்டர் அம்மா கொண்டுவந்தது. ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு வந்து இறங்குவாள். “எம்பொண்ணு இந்த பஸ் ஏறக்கூடாது” என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். அதற்காகவே, ஆபீஸில் பழசென்று கழித்துக்கட்டிய பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள். கூடவே ஒரு மைக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாத அந்தப் பதிவில் பாதி நேரம் சிரிப்புதான். “இன்னா பேசறது இதுல? ஓடுதா, ஓடலையா? பாப்பா, ஒழுங்கா படி. ஏங்க, டீல சர்க்கர ஜாஸ்தி போட்டுக்காதீங்க. போதும் நிறுத்துடி, பேஜாரா கீது.”

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை முற்றி அம்மா போய்விட்டாள். போட்டோக்கள் இருந்தன, எல்லாவற்றிலும் போட்டோக்காரருக்குப் பயந்தவள் போல விறைத்து நிற்பாள். அவள் அவளாகவே இருந்தது அந்தக் குரலில் மட்டும்தான். அப்பா அதை முகப்புத் திரையின் நட்டநடுவில் வைத்திருந்தார். முக்கியமான பொருள் கண்ணெதிரே இருந்தால்தான் பத்திரம் என்பது அவர் கொள்கை. அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவிலிருந்து வேலை முடிந்து வந்ததும், டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் கேட்பார். சர்க்கரை என்று அவள் சொல்லும் இடத்தில் “சரி, சரி” என்று பதில் சொல்வார். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பெட்டி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. ரப்பர் போட்டுத் தேய்த்துப் பார்த்தும் பலனில்லை. திரையில் வெள்ளை எழுத்தில் இருந்த ஆங்கிலத்தை அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். சிஸ்டம் ஃபைல் ஒன்றைக் காணோம், அல்லது கெட்டுவிட்டது; ஒரிஜினல் சிடியைப் போட்டு, ‘ஆர்’ என்ற எழுத்தை அழுத்திச் சரிசெய்யலாம் என்பது அதன் பொருள். நோயும் மருந்தும் அங்கேயே எழுதியிருந்தன என்று இப்போது தெரிகிறது. அந்த ஒரு ஃபைலை மட்டும் திரும்ப வைத்திருந்தால் மற்றவை இருந்த இடத்தில் இருந்திருக்கும். அன்று எங்கள் இருவருக்கும் புரிந்தது சிடி என்ற சொல் மட்டும்தான்.

சிடி என்றால் எங்கள் தெருவுக்கு யூசுப் பாய். அடுத்த வீட்டுக்காரர், அப்பாவின் தோஸ்த். எங்கோ காப்பி எடுத்து வந்த அவருடைய சிடி, இட்லிக் கொப்பரையைப் போல வீடு வீடாகப் போய்வரும். ஒரிஜினல் சிடி மாப்பிள்ளை வீட்டாரைப் போல ஆயிரம் கேள்வி கேட்கும், அதுவும் ஆங்கிலத்தில். தப்பாக ஒன்றை அழுத்திவிட்டால் என்ன ஆகுமோ என்று எல்லாருக்கும் பயம். பாயின் சிடிக்கு இருந்த பெருமையே வேறு.

“கேள்வியே கேக்காதுண்ணா. போட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ரெடியா இருக்கும்” என்றார் பாய்.

ஏன் கேட்காது என்று யாரும் யோசிக்கவில்லை. இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, முதலிலிருந்து எழுதுகிற சிடி அது. தெருவில் மற்றவர்களுக்குப் போனது சினிமாப் பாட்டும் விளையாட்டும். திரும்ப ஏற்றிக்கொண்டார்கள், மறந்துவிட்டார்கள்.

சிடியைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தோம். பச்சைப் புல்மேடும் நீல வானமுமாகத் திரை பளிச்சென்று வந்தபோது அப்பா கைதட்டினார். “புதுசு மாதிரி ஓடுதுண்ணா!” என்றார் பாய். அப்பா மவுசைத் திரையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே புல்தான் இருந்தது. இங்கும் அங்கும் தேடினார். குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்தார், அதுவும் காலி.

“பாய், எம்பொண்டாட்டி பேசனது எங்க?”

பாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்களுக்கு அந்தக் குரங்குகூட மிஞ்சவில்லை.

மறுநாள் பாய் லீவு போட்டுவிட்டு, பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் அப்பாவோடு பஸ்ஸில் போனார். “அது மேலயே எழுதிடுச்சு சார், வராது” என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில். பாய் அந்த சிடியை உடைத்துப் போட்டார். அப்பா அவரை ஒரு சொல் சொல்லவில்லை. “நல்லதுக்குத்தானே செஞ்சாரு” என்பார், யாரும் கேட்காமலே. அதன் பிறகு அப்பா டீயில் சர்க்கரை போடுவதையே விட்டுவிட்டார்.

இப்போது சிடியும் இல்லை, அதைப் போடும் பெட்டியும் இல்லை. என் மகள் பிறந்ததிலிருந்து அழுதது, சிரித்தது எல்லாம் என் போனில் இருக்கிறது. இடம் போதவில்லை, எதையாவது அழி என்று போன்தான் நச்சரிக்கிறது. போன விடுமுறைக்கு ஆம்பூர் போயிருந்தபோது அவள் தன் பாட்டியைப் பற்றி, “ஆயா எப்படிப் பேசுவாங்க தாத்தா?” என்று கேட்டாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை மெல்லிதாக்கி, “ஏங்க...” என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார்.

“இல்ல, இப்டி இல்ல. நீ சொல்லிக் காட்டும்மா” என்று என்னைப் பார்த்தார்.

வாயைத் திறந்தேன். எனக்கும் அம்மாவின் குரல் வரவில்லை.