தண்ணீரைத் துடைத்த பறவை

பால்ராஜின் இடது கை ஒரு போல்ட்டில் நட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. பக்கவாதத்தில் விழுந்த கை. ஏழு வாரமாகப் பழக்குகிறோம். இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். மூன்றாவதில் விரல் தன் வேலையை மறந்துவிடும், நட்டு தரையில் விழும், நான் எடுத்துக் கொடுப்பேன். முதலில் ரப்பர் பந்து ஒன்று கொடுத்துப் பார்த்தேன். "எதாவது கொழந்தைக்குக் குடுங்க சிஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று அவர் கண் கையில் இல்லை. நெமிலிச்சேரியில் அவர் வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் பாதை, அதற்கப்பால் ஏரி. மார்கழியில் காலை எட்டு மணி வரை தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாது. இரண்டும் பால் நிறம். மின்சார ரயில் அதற்குள் நுழைந்து கரைந்து போகும், பிறகுதான் சத்தம் வரும்.

"சிஸ்டர், ஒரு வெள்ளைப் பறவை தண்ணிய துடைக்குது."

"துடைக்குதா?"

"ஆமா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தரை துடைக்கிற மாதிரி."

எட்டிப் பார்த்தேன். வெண்மைக்குள் வெண்மை. எதுவும் எதையும் துடைக்கவில்லை. முப்பது வருடம் நோயாளிகளோடு இருந்தவள் செய்வதைச் செய்தேன். நோட்டை எடுத்து எழுதினேன்: "7.20. இல்லாததைப் பார்க்கிறார்." கையெழுத்தும் போட்டேன்.

மூன்று நாள் இதே பேச்சு. மூன்று நாளும் ஒவ்வொரு வரி. மகன் நிர்மல் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினார். நாளை பதினொரு மணிக்கு வீடியோவில் பேசுகிறேன், இதே நிலைமை என்றால் ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று பதில் வந்தது.

அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். சிலருக்கு அது தேவைதான். ஆனால் பகலெல்லாம் தூங்க வைக்கும். நட்டும் போல்ட்டும் டப்பாவுக்குள் போய்விடும். நிமிர்ந்து வருகிற விரல்கள் மறுபடி மடங்கிவிடும். நிர்மலுக்கும் இது தெரியும். ஆபீஸ் வேலையை நிறுத்திவிட்டு வந்து அப்பாவிடம் கெஞ்சினார்.

"அப்பா, டாக்டர் கேட்டா கொக்குன்னு சொல்லிடுங்கப்பா. முடிஞ்சிரும்."

"கொக்கு குத்தும்டா. இது துடைக்குது."

"எதுவா இருந்தா இன்னாப்பா? ஒரு வார்த்தைதானே!"

"ஒரு வார்த்தைதானேன்னு நான் பாஸ் போட்டிருந்தா, என்னை எப்பவோ ஊட்டுக்கு அனுப்பியிருப்பான்."

ஆவடி டாங்கி ஃபாக்டரியில் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இருபத்தொரு வயதில் நாசரேத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, குவார்ட்டர்ஸிலேயே கல்யாணம், பிள்ளை எல்லாம். அவர் வேலை, தூரத்தில் ஒரு பலகையில் வரைந்த சிலுவைக் குறியை டாங்கியின் பீரங்கிக் குழாயும் குறிபார்க்கும் கண்ணாடியும் ஒன்றாகப் பார்க்கின்றனவா என்று சோதிப்பது. ஒரு மயிரிழை தள்ளினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே அவர் பெயரே 'ரிட்டர்ன் பால்ராஜ்'. கண்டதை எழுதுவார், நினைத்ததை எழுத மாட்டார். பறவையின் பெயர் அவருக்குத் தெரியாது. அதனால் சொல்லவில்லை. அது செய்ததைச் சொன்னார்.

என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க எந்தக் கண்ணாடில பாத்தீங்க?"

கழுத்தில் தொங்கியதைத் தொட்டேன். படிக்கிற கண்ணாடி. தூரத்துக்கானது ரயிலுக்கு மட்டும் என்று பைக்குள் கிடந்தது.

"மாத்திரை எண்ணுற கண்ணாடில ஏரியப் பாத்து எனக்குச் சர்ட்டிபிகேட் குடுத்துட்டீங்க!" என்று சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. எனக்குக் காது சுட்டது.

சாயங்காலம், முன்பு ஏ.சி. மாட்டியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டச் சொன்னார். வலது கையால் குழாயை நகர்த்தினார், இடது கையால் மடித்த துணியை அடியில் கொடுத்தார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி நகர்த்தினார். இருபது நிமிடம். துணி ஒரு தடவைகூட விழவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

"இப்பப் பாருங்க."

சரியான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். வட்டமாக வெளிச்சம். அதற்குள் தண்ணீர், பொன்னிறமாக, அசையாமல். வேறொன்றுமில்லை. பிறகு ஓர் ஓரத்திலிருந்து அந்த வெள்ளை உள்ளே நடந்து வந்தது. தலையைத் தாழ்த்தி அலகைத் தண்ணீரில் வைத்து, இடம், வலம், இடம், வலம். அவசரமே இல்லை. எல்லோரும் தூங்குகிற மத்தியானத்தில் யாரோ ஒருத்தி நீண்ட வார்டைத் துடைத்துக்கொண்டு போவதுபோல அது போய்க்கொண்டே இருந்தது. போன இடமெல்லாம் வெளிச்சம் கலைந்து மறுபடி கூடியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது என் டீ ஆறி ஆடை படிந்திருந்தது.

"துடைக்குதா?"

"துடைக்குது சார்."

நிர்மல் செல்போனில் எடுத்த படத்தில் வெறும் வெள்ளைக் கறைதான் விழுந்தது. "என்ன பறவைப்பா அது?"

"தெரியலடா" என்றார் பால்ராஜ், மிகத் திருப்தியாக.

மறுநாள் காலை ஒரு ரயில் முன்னதாக வந்து இறங்கி, தூரத்துக் கண்ணாடியோடு ஏரிக்கரைக்குப் போனேன். மீன்வலை வீசும் தேவராஜ் அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், பனிக்குள், அதே பறவை. அலகு நீளம், நுனி சோற்றுக்கரண்டிபோலத் தட்டை.

"இன்னாமா, அப்டியே நின்னுகினு கீற? கரண்டிவாயனைப் பாத்ததே இல்லியா?"

"கரண்டிவாயனா?"

"பின்ன? வாயைப் பாத்தா தெர்ல? தொழாவி தொழாவி துன்னும். நமக்கு மீனு மிச்சம் வெச்சா சரி."

மாடிக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். எழுதியதைக் கிழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம் என்பது எங்கள் பயிற்சி. மூன்று வரிகளையும் அடித்தேன். கீழே எழுதினேன்: "நோயாளி பார்த்தது சரி. பறவை இருக்கிறது. நான் தவறான கண்ணாடியில் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டு, நிர்மலிடம் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் திரையில் வந்தார். "என்ன பறவை சார் அது?"

"கரண்டிவாயன்னு சிஸ்டர் சொல்றாங்க. நான் வாயைப் பாக்கல டாக்டர். துடைச்சதைத்தான் பாத்தேன்."

மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்ராஜின் இடது கையில் நட்டை வைத்தேன்.