மார்லிஸின் சாம்பல் அறை

எங்கள் விஸ்கான்சின் கம்பெனி கம்பளி நூல் விற்கிறது. பாதி ஸ்வெட்டரில் நூல் தீர்ந்து மறுபடி வாங்குகிறவர்களுக்கு, கேட்டலாக் படத்தில் பார்த்த பச்சையேதான் பெட்டியிலும் வரவேண்டும். இல்லாவிட்டால் நூல் திரும்பி வரும், கூடவே வசவும் வரும். படம் எடுப்பது நான். அதில் நிறம் மாறாமல் காப்பது மார்லிஸ் பிரெக்கி.

அவர் அறையில் சுவர், மேஜை, நாற்காலி எல்லாமே சாம்பல் நிறம். அவரும் சாம்பல் ஸ்வெட்டரில்தான் இருப்பார். ஒருமுறை சிவப்புத் தொப்பியோடு நுழைந்த என்னை, சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வந்தவனைப் போல விரட்டினார். திங்கட்கிழமைகளில் காபிக்கு முன்பே கணினித் திரைமேல் ஒரு சின்ன அளவுக் கருவியைத் தொங்கவிட்டு, அது நிறங்களைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுவார். ஒவ்வொரு நூலோடும் ஒரு சாம்பல் அட்டையை வைத்துத்தான் நான் படம் எடுக்க வேண்டும். கணினியில் அந்த அட்டைமேல் சுட்டியை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் வரவேண்டும். வந்தால்தான் அந்தப் படம் அறையை விட்டு வெளியே போகும்.

இந்த அக்டோபரில் அவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. இடது கண் இன்னும் பாக்கி.

"வலது கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாவே தெரியுது. இடது கண்ணுக்குக் காபியில நனைச்ச மாதிரி இருக்கு," என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதலாளி ரோலண்ட் ஹாஸுக்குத் தூக்கம் போயிற்று. வசந்தகால கேட்டலாக்கில் ஒரு நிறம் தப்பினாலும் இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மார்லிஸிடமே சொல்லிவிட்டார்.

"தாராளமா," என்றார் மார்லிஸ்.

படங்களைப் பார்க்கும் நாள் மான் வேட்டை சீசனில் விழுந்தது. ரோலண்ட் காட்டிலிருந்து நேரே வந்தார். வேட்டைக்காரன் மனிதனை மானென்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற அந்தக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு, மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"இது க்ரீம் நூல்தானே? ஏன் இப்படி ரோஸ் அடிக்குது?" நூலின் அசல் நிறத்தைப் பார்க்க வைத்திருக்கும் விளக்குப் பெட்டிக்குள் இருந்த நூலையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் பயந்தது சரியாப் போச்சு, மார்லிஸ்."

மார்லிஸ் சுட்டியைச் சாம்பல் அட்டைமேல் வைத்தார். மூன்று எண்ணும் ஒன்றாக நின்றன.

"படம் சரியாத்தான் இருக்கு. தப்பு உன் மேல."

"எண்ணைப் பார்த்தா வாங்கப் போறாங்க? கண்ணாலதானே பார்ப்பாங்க!"

"ஜாக்கெட்டைக் கழட்டு."

கழற்றினார். உள்ளே போட்டிருந்த பனியனும் ஆரஞ்சு.

"அதையும்."

"மார்லிஸ், இதுக்குள்ள எதுவும் இல்ல!"

மார்லிஸ் தன் சாம்பல் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர், தொப்பை பிதுங்க அதற்குள் நுழைந்துகொண்டு திரையைப் பார்த்தார். ஜாக்கெட்டிலிருந்து திரைமேல் விழுந்த ஆரஞ்சுச் சாயலோடு ரோஸும் போயிருந்தது. பெட்டியில் இருந்த அதே க்ரீம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மீதிப் படங்களையும் அந்த ஸ்வெட்டரோடுதான் பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை.

"வேலை எங்கேயும் போகாது," என்றார் ரோலண்ட். "அந்த இன்னொரு கண்ணையும் சீக்கிரம் முடிச்சிடுங்க. சம்பளத்தோட லீவு தரேன்."

"அதுக்கு அவசரமில்ல."

"ஏன், பயமா?"

மார்லிஸ் ஜன்னல் திரையை விலக்கினார். கீழே அவர் கணவர் ஓரின், மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். மார்லிஸ் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கட்டைப் பிரிச்ச அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அவருக்குத் தலை முழுக்க நரைச்சிருக்குன்னு. இந்தக் கண்ணுக்கு மட்டும் இன்னும் அந்தப் பழைய கோதுமை நிறமாவே இருக்கு," என்றார். "நூலைப் பார்த்துக்க எண்ணு இருக்கு, ரோலண்ட். இந்தக் கண்ணு கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."