மூடிக்கொண்ட துளைகள்

இது நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று சட்டம் பேசுகிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். தேவகி இதை என்னிடம் சொன்னபோது, காமாட்சி அம்மன் கோபுரம் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். 1972, ஆவணி மாதம். பட்டப்பகல்.

காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை செய்கிற குடும்பம் அது. மூத்த மருமகள் தேவகி, இளையவள் வள்ளி. இரண்டு பேருக்கும் ஒரே மண், ஒரே அச்சு. ஆனால் வாங்க வருகிறவர்கள் எல்லோரும், "வள்ளி செஞ்சது எதும்மா?" என்றுதான் கேட்பார்கள். தேவகிக்கு வயிறு எரியும்.

களிமண் பொம்மைக்கு உள்ளே வெறும் கூடு. சூளையில் அடுக்குவதற்கு முன் அடியில் ஈர்க்குச்சியால் ஒரு துளை போட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேற அது ஒன்றுதான் வழி. இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். துளை போடுவது வள்ளியின் புருஷன் குமாரசாமியின் வேலை. முந்தின வருஷம் வள்ளி செய்த இரண்டடி மீனாட்சி பொம்மைக்கும் அவன் ஒழுங்காகப் போட்டிருந்தான். யாரும் பார்க்காதபோது தேவகி அதை ஈரமண்ணால் அடைத்துவிட்டாள். பொம்மை உடையட்டும், அவள் மூக்கும் உடைபடட்டும். அவ்வளவுதான் நினைத்தாள்.

பொம்மை வெடித்தபோது வள்ளி சூளை வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். கொள்ளி சிதறிப் புடவையில் பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"நான்தான் ஓட்ட போட மறந்துட்டேன். நானே அவள கொன்னுட்டேன்" என்று குமாரசாமி தலையில் அடித்துக்கொண்டான். ஒரு வருஷமாக அதே பேச்சு. சூளையைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். சோறு இறங்கவில்லை. ஆள் துரும்பாக இளைத்துவிட்டான். இந்த நவராத்திரியைத் தாண்டமாட்டான் என்று வைத்தியரே சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். அது தேவகிக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. பாவி நான், பாவி நான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மண் பிசைந்தாள்.

அன்று அவள் வீட்டுக்காரர் முசரவாக்கம் ஏரிக்கு மண் எடுக்க வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். கொல்லைக் கொட்டகையில் தேவகி மட்டும். பதினொரு பொம்மை முடித்து, துளை போட்டு, சாக்கின் மேல் படுக்கவைத்தாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பக்கத்துத் தெருத் தறிகள் சாப்பாட்டுக்கு நின்றன.

12.05. கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு பொம்மையின் துளை மூடியிருந்தது. மறந்திருப்போம் என்று குத்திவிட்டாள்.

12.10. நாலு பொம்மை. புது ஈரமண். கட்டைவிரல் அழுத்திய பள்ளம் வேறு. தேவகியின் கை காய்ந்துதான் இருந்தது...

12.15. பதினொன்றும் மூடியிருந்தன.

உஸ்... உஸ்...

சாக்கின் மேலிருந்துதான் சத்தம். கடைசிப் பொம்மையின் வயிறு... மெல்ல ஏறியது. இறங்கியது.

"மூச்சு முட்டுதுக்கா..."

வள்ளியின் குரல்.

ஈர்க்குச்சியை எடுத்தாள். குத்தினாள்.

புஸ்ஸ்ஸ்...

மணிக்கட்டில் சுடச்சுட மூச்சு பட்டது. கருகின புடவை நாற்றம்.

ஓடினாள். சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று ஓடினாள். குமாரசாமி இருந்த தெருமுனைக்கு வந்ததும் தைரியம் போய்விட்டது. சும்மா பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்...

அறைக் கதவு திறந்திருந்தது.

குமாரசாமி தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணி. வள்ளி வந்திருந்தா. இப்பத்தான், பன்னெண்டே கால் இருக்கும்."

தேவகி முந்தானையால் மணிக்கட்டைத் துடைத்தாள்.

"'நீ மறக்கலய்யா, ஓட்ட போட்ட'ன்னு சொன்னா. அப்ப யாரு அடைச்சதுன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டா."

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான்.

"'அவங்களே இப்ப ஓடியாருவாங்க, கதவத் தொறந்து வை'ன்னா. அதான் தொறந்து வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கேன்."

தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.

"நீங்க எதுக்கண்ணி இப்படி ஓடியாந்தீங்க?"