வாசல் பலகையில் அப்பாவின் டோக்கன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அப்பா இறந்த அன்று லாயாங் லாயாங் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வண்டியிலிருந்து அப்பாவை இறக்கியதும் நேரே கூடத்துக்குக் கொண்டு போகாமல், வாசலிலேயே சற்று நேரம் நிறுத்தினோம். “இது என்ன புதுச் சடங்கு?” என்று அத்தை ஒருவர் கேட்டார். வாசலில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று இன்னொருவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஓராண்டு ஆகிவிட்டது. மூத்த மகள் என்ற முறையில் இப்போது சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று தம்பி கேட்டான். எழுதாமல் ‘அஞ்சா நெஞ்சர்’ என்றா போட முடியும்? அவரை அறிந்த நீங்களே சிரித்துவிடுவீர்கள். நாங்கள் வெளியே கிளம்பினால் பயம், திரும்பத் தாமதமானால் பயம், மழை இருட்டினால் பயம். கடைசி நாட்களில் அந்தப் பயமெல்லாம் ஒன்றாகச் சுருங்கியது. அதுவும் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் ஒரு பலகையைப் பற்றியது.

அப்பா பிறந்தது மெர்சிங் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை. நம் ஆட்கள் அதை இரும்பு மலை என்பார்கள். ஆனால் அந்த மலையை முதலில் தோண்டியவர்கள் தேடியது தங்கம். தாத்தா காலத்துக்கும் முன்னே சீனர்கள் வந்து, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். கிடைத்தது கொஞ்சம்தான். அவர்கள் போன பிறகு, போருக்கு முன் ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது சிவப்பு மண்ணில் இருந்த இரும்பு. மலையின் தலையை வெட்டி, சின்னத் தண்டவாளத்தில் தள்ளி, ஆற்றில் படகேற்றிக் கடலில் நின்ற கப்பலுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் காடு எல்லாவற்றையும் மூடியது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு ஒரு கம்பெனி வந்து மறுபடியும் இரும்புக்காகத் தோண்டத் தொடங்கியபோது, மீசை முளைத்த வயதில் அப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வட்டத் தகடு கொடுப்பார்கள். அதுதான் டோக்கன். உள்ளே போகும்போது பலகையில் இருந்து உங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். பாறைக்கு வெடி வைக்கும் முன் மேஸ்திரி அந்தப் பலகையைத்தான் பார்ப்பார். எல்லா ஆணியிலும் டோக்கன் இருந்தால் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று பொருள். சங்கு ஊதுவார்கள். பிறகு வெடிதான்.

அந்த நாளைப் பற்றி அப்பா எங்களிடம் முழுதாகச் சொன்னது ஒரே ஒருமுறை. புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் பாறை மேல் போட்டிருக்கிறார். டோக்கன் சட்டைப் பையில். வெட்டின இடத்தில் பழைய தங்கக் குகை ஒன்று வாய் திறந்திருந்தது. கைவிளக்கோடு எட்டிப் பார்க்க உள்ளே தவழ்ந்து போனார். அவருடைய கூட்டாளி ஆ செங், சட்டை மட்டும் கிடப்பதைப் பார்த்து, அப்பா ஓடையில் குளிக்கப் போய்விட்டார் என்று நினைத்தார். சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நல்ல மனசோடு, தன் டோக்கனோடு அப்பாவின் டோக்கனையும் ஆணியில் மாட்டிவிட்டார்.

“உள்ள இருந்துகிட்டே சங்கு சத்தம் கேட்டேன்மா” என்றார் அப்பா. “சங்கு ஊதுனா எல்லாரும் வெளிய இருக்காங்கன்னு அர்த்தம். நான் உள்ள இருக்கேன். கத்துறேன், என் குரல் எனக்கே திரும்பி வருது. வெடி வெடிச்சுது. குகை வாய் அடைச்சுப் போச்சு. அதுகூடப் பயமில்ல. யாரும் என்னைத் தேடி வரமாட்டாங்க. பலகைதான் சொல்லுதே, நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு. அதுதான் பயம்.”

இதைச் சொல்லும்போதே அவருக்கு வியர்த்துவிட்டது. அம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஆ செங் அங்கிள் சட்டையைத் திருப்பிக் கொடுக்க ஓடைக்குப் போய், அங்கே அப்பா இல்லாததைக் கண்டு திரும்ப ஓடி வந்திருக்கிறார். மற்றவர்கள் வருவதற்குள் வெறும் கையால் கல்லைப் பறிக்கத் தொடங்கிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அப்பாவை உயிரோடு எடுத்துவிட்டார்கள். அப்பா அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வேலைக்கும் திரும்பிப் போகவில்லை. ரயில்வேயில் தண்டவாள வேலை கிடைத்து லாயாங் லாயாங் வந்து சேர்ந்தார். விதியைப் பாருங்கள், சங்குச் சத்தத்துக்குப் பயந்த மனிதர் குடியேறியது நாள் முழுக்க ரயில் ஊதுகிற ஊரில்! ஒவ்வொரு முறை ஊதும்போதும் வாய்க்குப் போன சோறு பாதியில் நிற்கும். நாங்கள் யாரும் அதைக் கேலி செய்ததில்லை. கேலி செய்ய அம்மா விட்டதில்லை.

கல்யாணம் முடிந்து அம்மா வந்த பிறகு அப்பா வாசலில் ஒரு பலகை அடித்து ஆணிகள் வைத்தார். தனக்குச் சுரங்கத்து டோக்கன், எங்களுக்குப் பித்தளைத் தகட்டில் பெயர் கீறி ஆளுக்கு ஒன்று. வெளியே போனால் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்தால் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால்தான் “சரி, சாப்பிடலாம்” என்பார். சட்டம் ஒன்றே ஒன்று. அவரவர் டோக்கனை அவரவர் கையால் மாட்ட வேண்டும். ஒருமுறை தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டான். டோக்கன் மோட்டார் கூடையில் கிடந்தது. பிள்ளை வந்துவிட்டான் என்று அம்மா எடுத்து மாட்டிவிட்டார். அப்பா வந்து, பலகையைப் பார்த்து, அவனைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அறை அறையாகத் தேடினார். தம்பி சிரித்துக்கொண்டே நுழைந்தபோது, அப்பா அவனுடைய டோக்கனை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அப்பா, பக்கத்து வீடுதான் லா, குகை இல்ல” என்றான் தம்பி.

“இன்னொருத்தர் கை மாட்டுச்சுன்னா அந்தப் பலகை பொய் சொல்லும்டா” என்றார் அப்பா. அதன் பிறகு அம்மாகூட அந்தத் தவற்றைச் செய்ததில்லை.

நாங்கள் வளர்ந்த பிறகு ஒருமுறை எங்களை அந்த மலைக்கு அழைத்துப் போனார். மலையே இல்லை. இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஆழமான குளம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். எங்கள் இருவர் மணிக்கட்டையும் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு, கரைக்குப் பத்தடி தள்ளியே நின்றார். “எங்களுக்காவது பலகை இருந்துச்சு. தங்கம் தேடுனவங்களுக்கு என்ன இருந்துச்சு? ஜப்பான்காரன் கொண்டாந்து விட்ட ஆளுங்களுக்கு என்ன இருந்துச்சு? உள்ள போனவங்க எல்லாரும் வந்தாங்களான்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். இன்றும் அந்தப் பச்சை நிறம் கனவில் வருகிறது.

எனக்குத் திருமணமாகிப் பொந்தியானுக்குக் கிளம்பிய அன்று, என் டோக்கனையும் அதன் ஆணியையும் கழற்றிக் கையில் கொடுத்து, “உன் வீட்டு வாசல்ல இந்த ஆணிய அடிச்சுக்கோ” என்றார். என் கணவர் முதலில் சிரித்தார். தம்பி சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் மோட்டாரில் போய் வரத் தொடங்கியபோது, அப்பாவின் கண் அவனுடைய ஒற்றை ஆணியை விட்டு அகன்றதே இல்லை. ஊரில் யாருக்கு உதவி என்றாலும் முதல் ஆளாகப் போவார். போகும்போது தன் டோக்கனை எடுத்துக்கொண்டுதான் போவார்.

இதயம் பலவீனமாகி அவரைக் குளுவாங் மருத்துவமனைக்குக் கொண்டு போன அன்றும் அது சட்டைப் பையில் இருந்தது. கட்டிலில் அதை உள்ளங்கையில் வைத்து மூடியே படுத்திருந்தார். மலாய்த் தாதி ஒருவர், “பாக்சிக், என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?” என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டபோதும் விரலைத் திறக்கவில்லை. எங்களிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என் ஆணி காலியா இருக்கு. நான் மாட்டாம போயிடக் கூடாதும்மா.” சாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வராத ஆளாகவே நின்றுவிடுவோமோ என்றுதான் பயந்தார். இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். அதற்குள் ஒரு காலையில் போய்விட்டார்.

வீட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்த நான், பலகையை நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன். அந்த வெற்று ஆணி என் நெஞ்சில் குத்தியது. தம்பி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் மாட்டிடவாக்கா?” என்று அழுதான்.

“மாட்டாத” என்றார் அம்மா. “யாரும் மாட்டக் கூடாதுன்னு சொன்ன மனுஷன். அவரே வந்து மாட்டுவாரு.”

அதனால்தான், உறவினர்களே, அப்பாவை வாசலில் நிறுத்தினோம். மெர்சிங்கிலிருந்து மகனோடு வந்திருந்த ஆ செங் அங்கிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வயதாகி நடை தளர்ந்துவிட்டது அவருக்கு. “அன்னிக்கி நான் மாட்டினது தப்பு” என்றார் தன் தமிழில். “இன்னிக்கி அவன் கை மாட்டும். நான் கை மட்டும் தூக்குறேன்.”

தம்பி டோக்கனை அப்பாவின் விரல்களுக்குள் வைத்தான். அங்கிள் அந்தக் கையை ஆணி வரை தூக்கினார். முதல் முறை டோக்கன் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. தம்பி எடுத்து மறுபடி வைத்தான். இரண்டாம் முறை ஆணி டோக்கனின் ஓட்டைக்குள் ஏறியது.

அவரைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட தாதியருக்கும், வண்டி ஓட்டி வந்து எங்களை அவசரப்படுத்தாமல் நின்ற அந்தப் பெயர் தெரியாத இளைஞருக்கும், சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு முறை கை கொடுத்த ஆ செங் அங்கிளுக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பலகை நிறைந்திருந்தது. அம்மா அதை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, உள்ள கொண்டு வாங்க” என்றார். அந்த நேரம் பார்த்து ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. பழக்கத்தில் நாங்கள் மூவரும் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். எங்களுக்குத்தான் உடம்பு தூக்கிப் போட்டது. அப்பா திடுக்கிடவில்லை.