வகுப்பிலிருந்து அனுப்பிய ‘சரி’

நான் கண்டியில் பொறியியலாளர். பதவி உயர்வுக்காகச் சனிக்கிழமைகளில் எம்.பி.ஏ. படிக்கிறேன்.

ஒருநாள் வகுப்பில் அடுத்துப் பேச வேண்டியவள் நான். தலைப்பு, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது. அந்த நேரம் பார்த்து மேசன் செல்வம் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அலவத்துகொடவில் மலைச்சரிவைத் தாங்க நாங்கள் கட்டும் சுவர். “கொங்கிறீட் போடலாமா மேடம்?” என்று கேட்டிருந்தார். சரியாகப் பார்க்காமலே “சரி” என்று அனுப்பினேன்.

பேசி முடித்த பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைநீர் வடியும் குழாய் ஒன்றுகூட இல்லை! தண்ணீர் தேங்கினால் சுவர் கீழேயுள்ள வீடுகள்மேல் சரிந்துவிடும். அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. த்ரீவீலில் ஏறினால் கட்டுகஸ்தோட்டையில் ஒரே வாகன நெரிசல். வழியெல்லாம் நெரிசலைத் திட்டிக்கொண்டே போனேன்.

அங்கே எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கொங்கிறீட் லொறியும் அதே நெரிசலில் மாட்டியிருந்தது.

“லொறி வந்திருந்தா இந்நேரம் போட்டு முடிச்சிருப்போம் மேடம். நீங்கதானே சரின்னு சொன்னீங்க” என்றார் அண்ணன்.

இப்போது நேரில் பார்க்காமல் எதற்கும் ‘சரி’ சொல்வதில்லை. அன்றைய பேச்சுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.