உறைபனியை மிதித்தவர்கள்

எங்கள் அப்பாவை எந்தக் கல்யாணத்துக்கும் அழைத்துப்போக முடியாது. போனால் மண்டபத்துக்குள் வர மாட்டார். வாசலில் அழகுக்காக வளர்த்திருக்கும் புல்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு புல்லைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குத் தண்ணி ஜாஸ்தி" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே பந்தியில் அம்மா, பக்கத்து இலைக்கு ஆள் வருகிறது என்று பரிமாறுகிறவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருப்பாள். கடைசியில் என்னை அனுப்புவாள். நான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.

அப்பா ஊட்டியில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்லுக்குப் பொறுப்பாளராக இருந்தார். உறவினர்கள் இதை "புல்லு வெட்டற வேலை" என்று சொல்வார்கள். ஆரம்பத்தில் அப்பா பொறுமையாக விளக்கிப் பார்த்தார். கொடி நட்ட குழியைச் சுற்றி வட்டமாக, ஒட்ட நறுக்கிய புல் இருக்கிறதே, அதற்குக் கிரீன் என்று பெயர். பந்து அதன்மேல் தண்ணீரில் போவதைப் போலப் போக வேண்டும். அதற்கு மணல் தூவ வேண்டும், துளை போட்டு வேருக்குக் காற்று கொடுக்க வேண்டும், விடியற்காலையில் மூங்கில் கழியால் பனித்துளியைத் தட்டிவிட வேண்டும், சுற்றிலுமிருந்து ஊர்ந்து வரும் முரட்டுப் புல்லைக் கையால் பிடுங்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப மாடு விட்டா வேல மிச்சமுங்களே" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பிறகு அப்பா விளக்குவதை விட்டுவிட்டார். மற்றவர்கள் தப்பாகச் சொல்லும்போது திருத்துவதை மட்டும் விடவில்லை. புல் விஷயத்தில் ஒரு தவறான வார்த்தை அவர் காதில் விழுந்தால், சொன்னவர் பெரியவரா, விருந்தாளியா, பஸ் கண்டக்டரா என்று பார்க்க மாட்டார்.

கிளப் கொடுத்த குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். பின்கதவைத் திறந்தால் ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஏழாவது கிரீன். அதில் கால் வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. மெம்பர்கள் நடக்கலாம், அவர்கள் பை தூக்கி வருகிறவர்கள் நடக்கலாம், காட்டுப்பன்றி கேட்காமலே நடக்கும். அப்பாவின் குடும்பம் மட்டும் நடக்கக் கூடாது. "நம்ம ஊட்டு ஆளுகளே மிதிச்சா அப்பறம் ஊருல ஆரக் கேக்கறது?" என்பார். அம்மா துணி காயப்போடும்போது ஒரு கைக்குட்டை பறந்து கிரீனில் விழுந்தால்கூட, அப்பா வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் லீவுக்குத் திருப்பூரிலிருந்து பெரிய மாமா குடும்பத்தோடு வந்தார். அம்மாவின் அண்ணன். பனியன் கம்பெனி வைத்திருந்தார். எதையும் ஒருமுறை சொன்னால் நடந்துவிடும் என்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அத்தையும் இரண்டு பையன்களும் கூட வந்தார்கள். கார் கதவைத் திறந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, "மாப்ள, நாளைக்கு ஒறபனி பாக்கோணும். பசங்க அதுக்குன்னே வந்துருக்கறானுக."

மாமா வந்த நேரம் அப்பாவுக்கு மோசமான நேரம். அடுத்த வாரம் ஆண்டுப் போட்டி. அதற்கு மேல், மைதானத்தை வெளியூர் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாமா என்று கமிட்டியில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி நடந்தால் வேலையோடு இந்த வீடும் போகும். இது எனக்கு அப்போது தெரியாது. அப்பா தூங்குவதில்லை என்பது தெரியும். ராத்திரி கண்ணாடி போல வானம் தெளிந்திருந்தால் மற்றவர்கள் நட்சத்திரம் பார்ப்பார்கள். அப்பா "போச்சு" என்பார். விடிந்தால் பள்ளம் முழுக்க வெள்ளையாக இருக்கும்.

"தலைகுந்தாவுல ரோட்டோரமாவே பாக்கலாமுங்க மச்சான். நல்லா உப்புக் கொட்டுன மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

"நம்ம மாப்ள கிரவுண்ட வச்சுட்டு நாங்க ரோட்டுல நின்னு பாக்கறதுங்களா?"

அப்பா விளக்க ஆரம்பித்தார். உறைபனி பிடித்த புல் கண்ணாடி மாதிரி. மிதித்தால் உள்ளுக்குள் உடைந்துபோகும். அப்போது ஒன்றும் தெரியாது, அப்புறம் அந்த இடம் கருகும். வெயில் பட்டுத் தானாக உருகும்வரை அவரே கிரீனில் கால் வைக்க மாட்டார். மாமா பாதியிலேயே டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செரி செரி, உங்க புல்லு உங்களுக்கு" என்றார். அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரங்களின் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

மறுநாள் விடியும் முன்பே அப்பா ஆட்களோடு மைதானத்தின் அடுத்த கோடிக்குப் போய்விட்டார். நான் குளிரில் விழித்துப் பார்த்தபோது பின்கதவு திறந்திருந்தது. ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஓடினேன். மாமா வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார். அத்தையும் பையன்களும் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருந்தார்கள். ஏழாவது கிரீன் முழுக்க வெள்ளை. சூரியன் இன்னும் எதிர்மேட்டுக்கு மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பையன்கள் ஓடினார்கள், வழுக்கி விழுந்தார்கள், வேண்டுமென்றே மறுபடி விழுந்தார்கள். அத்தை உட்கார்ந்து விரலால் தன் பெயரைப் பனியில் எழுதி, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டாள். மாமா ஷூ காலோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்டோ எடுத்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும் என்றார். சரியாக வரவில்லை என்று பலமுறை குதிக்கவைத்தார். கால் பட்ட இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

"அம்மா, மாமாகிட்டச் சொல்லு" என்றேன்.

அம்மா வேலியோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி வேலி ஓரமாக ஜோடியாக வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து வேலியைத் தாண்டி, அவர்கள் யாரையும் கவனிக்காமல், நேராகக் கொடிவரை நடந்து போனாள். கம்பைக் கையால் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

"அப்பா திட்டுவாரு" என்றேன்.

"திட்டட்டும்" என்றாள்.

வெயில் ஏறியதும் வெள்ளை எல்லாம் கரைந்தது. கிரீன் எப்போதும் போலப் பச்சையாக, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. மாமாவுக்கு வெற்றி. "பாத்தியா கண்ணு? ஒண்ணும் ஆகல. உங்கப்பா சும்மா பயங் காட்டறாரு" என்று என் தலையில் தட்டினார். அப்பா சாப்பிட வந்தபோது மாமா இட்லியை விண்டபடி, "ஒறபனி பாத்துட்டமுங்க மாப்ள, அருமை" என்றார். எங்கே பார்த்தார் என்று அப்பா கேட்கவில்லை. தலைகுந்தா என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். அவர்கள் புறப்படும்போது ஒரு பை நிறைய கேரட்டும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் போனில் டிங்கென்று சத்தம் வந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா போட்டோக்களைப் போட்டிருந்தார். குதிக்கும் மூன்று பேர், அத்தையின் பெயர், இதயம். கீழே, "மாப்பிள்ளை தயவில் உறைபனி தரிசனம்." அதற்குள் உறவினர்கள் கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

அப்பா போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து பின்கதவு வழியாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். சாய்ந்த வெளிச்சத்தில் கிரீன்மேல் கருமையாகக் காலடிகள் எழும்பியிருந்தன. மறுநாள் அவை காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தன. அத்தையின் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

மனைவியின் அண்ணனைத் திட்ட முடியாது. எனவே அப்பா மற்ற எல்லோரையும் திட்டினார். வெந்நீர் ஆறிவிட்டது என்று திட்டினார், பூனையைத் திட்டினார், நான் வாய்ப்பாட்டைச் சத்தமாகப் படித்ததற்குத் திட்டினார். அம்மாவிடம் மட்டும் பேசவே இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் மாமாவுக்குப் போன் செய்து, மிக மரியாதையாக விஷயத்தைச் சொன்னார். மாமாவின் குரல் எனக்கே கேட்டது.

"புல்லுதானுங்க மாப்ள. மறுக்கா மொளைக்காதுங்களா?"

அப்பா போனை வைத்துவிட்டார்.

கிளப் செயலாளர் வந்து பார்த்தார். யார் என்று கேட்டார். காவலாளி தூங்கிவிட்டான், சுற்றுலா வந்தவர்கள் புகுந்துவிட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அந்த சீசனில் அதை எல்லோரும் நம்பியிருப்பார்கள். அப்பா, "எங்க ஊட்டு ஆளுங்கதானுங்க சார்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷருக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

போட்டியன்று ஏழாவது கிரீனைக் கயிறு கட்டி மூடினார்கள். அதற்கு முன்புறம் அவசரமாக வெட்டிய ஒரு தற்காலிகத் தரையில் ஆடச் சொன்னார்கள். அப்பா காலை முதல் அங்கேயே நின்று, வந்த ஒவ்வொரு குழுவுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்து, அத்தையின் பெயரை வாய்விட்டுப் படித்து, அந்த அம்மாள் கிளப்பில் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டார். அப்பாவும் சிரித்தார். வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மற்ற கிரீன்கள் நன்றாக இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார்கள். கம்பெனியிடம் ஒப்படைக்கும் பேச்சு இன்னும் சில மாதம் நீண்டு, பிறகு தானாக ஓய்ந்தது.

போட்டி முடிந்த மறுநாள் அப்பா மட்டும் தனியாக உட்கார்ந்து ஒட்டுப்போட ஆரம்பித்தார். வட்டமாக மண்ணை வெட்டி எடுக்கும் ஒரு கருவி உண்டு. கருகிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, நாற்றங்காலில் வளர்த்த புல்லை அதே அளவுக்கு எடுத்து வந்து அதில் பதிக்க வேண்டும். அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது பையன்களின் காலடிகளையும் இதயத்தையும் முடித்திருந்தார். கொடியை நோக்கிப் போகும் ஒரு வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மற்றவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. இது மட்டும் நேராகப் போய் நேராகத் திரும்பியிருந்தது. ஷூவின் கோடுகள் இதில் இல்லை.

"இது ஆரு கண்ணு? அம்மாவா?"

நான் தலையாட்டினேன். இப்போது வெடிப்பார் என்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்பா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை என்னிடம் கொடுத்தார். பிறகு மற்றவற்றைப் போலவே அதையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கத் தொடங்கினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, ரசம் ஊற்ற வந்த அம்மாவிடம் அப்பா பல நாட்களுக்குப் பிறகு பேசினார்.

"காலு விறைச்சுப் போயிருக்குமே."

"விறைக்கலீங்க. எரிஞ்சுது. தணல மிதிச்சாப்பல."

"செருப்பாவது போட்டுட்டுப் போறதுக்கென்ன?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "செருப்புப் போட்டா புல்லுக்கு ஆகாதுன்னுதானுங்க கழட்டிட்டுப் போனேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது முழுத் தப்பு. உறைபனியில் செருப்பானாலும் வெறுங்காலானாலும் புல்லுக்கு ஒன்றுதான், உடைவது உடையத்தான் செய்யும். அந்த வீட்டில் பிறந்த எனக்கே அது தெரியும். அப்பா திருத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திருத்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடி அம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். "அம்மா, வெறுங்காலுல மிதிச்சாலும் புல்லு செத்துத்தான் போகும்."

"நீ பேசாமச் சாப்பிடு" என்றார் அப்பா. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவர் போதும் என்று சொல்லவில்லை.

சரியாகச் சொன்னது நான். திட்டு வாங்கியதும் நான். அந்த அநியாயத்தை நினைத்து நினைத்து அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.